பாதி எனக்கு

மே மாதம், இரண்டாம் சனிக்கிழமை.
கயானியில் ஏரி உறைவு விட்டு ஒன்பது நாள்.
மளிகைக்கடை வாகன நிறுத்தத்தில்
பழைய சாமான் சந்தை.
என் மேசையில் ஆறு தூண்டில் கோல்கள்,
ஒரு வாஃபிள் அடுப்பு,
பறக்காமலிருக்க அடுப்புக்கு அடியில்
டோர்ஸ்தியின் கடிதம்:
"கோல்களை விற்றுவிடு. பாதி எனக்கு."

இருபத்திரண்டு வருடம் தூசி துடைத்திருக்கிறேன்,
ஒன்றின் பெயரும் தெரியாது.
எல்லாமே எனக்குக் குச்சி.
இருப்பதில் குட்டையான ஒன்றில்
போன கோடையில் தக்காளி நாற்றைக் கட்டிவைத்தேன்.

தபால் வண்டி ஓட்டும் இர்மெலி வந்தாள்.
காப்பியை என் மேசையில் வைத்துவிட்டு
விலை கேட்காமல் எடுத்தாள், வளைத்தாள்,
காற்றில் ஒரு சுண்டு சுண்டினாள்.

"இதுதானே உன் தக்காளிக்காரன்? ஒரு சாண்.
பனியில் துளை போட்டு, முக்காலியில் குந்தி,
முழங்காலுக்கு நடுவே ஆட்டுவது.
மே மாதத்தில் எவன் வாங்குவான்? ஆனாலும் வை.
நம் ஊரில் குளிர்காலம் வராமல் இருந்ததில்லை."

ஐந்து மீட்டர்க் கோலுக்கு ரீல் இல்லை.
நுனியில் நரம்பு, நரம்பில் தக்கை, முள்ளில் மண்புழு.
நாணலோரப் பொடிமீனுக்கு அது போதுமாம்.
"ஆசை குறைந்தவர்களின் கோல்" என்றாள்.
அடுத்தது, தகட்டு ஸ்பூனைக் கட்டித் தூர வீச.
மீன் மோதினால்
மணிக்கட்டுக்குத்தான் முதல் சேதி.

"இதில் எறிவது முள்ளை இல்லை, நூலை.
இறகில் கட்டிய ஈக்கு ஏது எடை?
கனமெல்லாம் நூலில்.
முதுகுக்குப் பின்னால் அது முழுசாக நீளும்வரை
பொறுக்க வேண்டும். உன் ஆள் பொறுப்பானா?"
"சூப் ஆறும்வரைகூட மாட்டான்."
"அதான் கார்க் பிடியில் அழுக்கே இல்லை."

தடித்த கண்ணாடியிழைக் கோலை
யாரும் கையில் பிடிப்பதே இல்லையாம்.
படகோரக் குழாயில் செருகிவிட்டு
மோட்டாரை மெல்ல உருட்டியபடி
ரொட்டி தின்னலாமாம்.

ஆறாவதை எடுத்தவள் பேசவில்லை.
வளையத்தை நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்தாள்.
"உப்பு."

"பச்சை பூத்திருக்கிறது பார். நுனியில் உருளை வேறு.
நூற்றைம்பது மீட்டர் ஆழத்திலிருந்து
காட் மீனைக் கிணற்றுவாளி மாதிரி
இறைத்தெடுக்கிற கோல் இது.
எங்கே போவான்?"
"ஏரிக்கு. ஆகஸ்டு தோறும். பன்னிரண்டு நாள்."

இர்மெலி தன் காப்பியைப் பார்த்தாள்.

எங்கள் ஏரியை உங்களுக்குத் தெரியாது.
அந்தத் தண்ணீரில் சூப் வைத்தால்
உப்பு போட வேண்டும்.
கடிதத்தின் தபால்தலை நார்வே.
இந்தப் பிப்ரவரியில்தான்
முதல்முறை போனான் என்றிருந்தேன்.

மதியத்துக்குள் தடியன் ஒரு தச்சரிடம் போனான்.
நீளக் கோலும் வாஃபிள் அடுப்பும் சேர்த்து
இரண்டு சகோதரிகளுக்கு, பதினொரு யூரோ.
ஸ்பூன் வீசும் கோலைப் பேரம் பேசியே
ஒரு பையன் பாதியாக்கினான்.
ஈக் கோல் இர்மெலிக்கு.
சாண் கோலை எவரும் தொடவில்லை.

கடல் கோலுக்கு ஔலுக்காரர் ஒருவர்
நாற்பது யூரோவை எண்ணியே வைத்துவிட்டார்.
"விற்பனைக்கில்லை" என்றேன்.
நான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

அது இரண்டு துண்டு, இணைப்பில் இறுகிக் கிடந்தது.
ஒரு முனையை இர்மெலி பிடித்தாள், மறுமுனையை நான்,
எதிரெதிராகத் திருகினோம்.
மூன்றாம் இழுப்பில்
புட்டியின் தக்கை கழன்றாற்போல் சத்தம்;
நான் பின்னால் மூன்றடி போய் ஒரு காரில் சாய்ந்தேன்.

கீழ்ப்பாதி தக்காளிக்கு. நீளமும் சரி.
மேல்பாதியைக் கம்பளம் சுற்றிவந்த அட்டைக்குழாயில்
நுழைத்தோம்.
வண்டியிலிருந்து படிவம் எடுத்துவந்து
இர்மெலி முழங்காலில் வைத்து எழுதினாள்.

"உள்ளே என்ன?"
"அவன் கேட்டது. பாதி."
"மதிப்பு?"
"உப்பு என்ன விலை விற்கிறது?"
"கிலோ எழுபது சென்ட்" என்றாள்,
அதையே போட்டாள்.